காலஞ்சென்றவள் வரைந்த கடல்

சேகர்,

உயிரோடு இருக்கிற உன் அம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. உன் பெரியப்பா படிக்கட்டும், பெரியம்மா படிக்கட்டும், கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் உன்னோடு தங்கியிருக்கிற சிநேகிதர்கள் படிக்கட்டும். மறைத்து வைக்க வேண்டிய பண்டமாக என்னை இத்தனை வருஷம் வைத்திருந்தது போதும்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ வந்தாய். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற இந்த வரிசை வீட்டுக்கு நீ அடிக்கடி வருகிறவன் இல்லை. கல்யாண விஷயம் பேசத்தான் வந்திருக்கிறாய் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். ஆறும்வரை வைத்திருந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "பத்திரிகை அடிச்சாச்சும்மா. பெரியப்பாதான் எழுதிக் குடுத்தாரு. உன் பேருக்கு முன்னால..." முன்னால இன்னாடா என்று கேட்டேன். "காலஞ்சென்றன்னு போட்டுட்டாரு. பொண்ணு வூட்டுல மொதல்லயே அப்படித்தான் சொல்லி வெச்சிகீறாரு. இப்ப போயி மாத்த முடியாது." நான் பேசாமல் இருந்தேன். அது உனக்குத் தைரியம் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. "நீ கல்யாணத்துக்கு வாம்மா, வராதன்னு யாரும் சொல்லல. பின்னால உக்காந்து பாத்துட்டுப் போ. யார்னா கேட்டா தூரத்து சொந்தம்னு சொல்லிக்கலாம்." கிளம்புகிறவன் மாதிரி பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னாய். "மனசுல எதையும் வெச்சிக்காத. நீ பாட்டுக்குப் படம் போட்டுகினு நிம்மதியா இரு."

நான் வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீ பஸ் பிடிக்கப் போய்விட்டாய். வாயடைத்துப் போனவள் சம்மதித்தவள் ஆகமாட்டாள், சேகர். அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நிம்மதி என்றாயே, அந்தச் சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் 'காலஞ்சென்ற' என்பதைவிட அதுதான் என்னைச் சுட்டது.

உன் அப்பா இறந்தபோது நீ கைக்குழந்தை. திருக்கழுக்குன்றத்தில் பெரியப்பா வீட்டுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சோறு போட்டார், பின்னால் உன்னைப் படிக்கவும் வைத்தார். அதை இல்லை என்று நான் சொன்னதே கிடையாது. நானும் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. அந்த வீட்டில் விடியற்காலை அடுப்பு பற்றவைப்பதிலிருந்து அவருடைய பாத்திரக் கடைக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்புவது வரைக்கும் என் கைதான் செய்தது. அந்தக் கையில்தான் முதலில் ஒரு தேமல் வந்தது. சொறி என்று நினைத்து வேப்பிலை அரைத்துப் போட்டேன். ஒருநாள் அடுப்பிலிருந்து தோசைக்கல்லை இறக்கும்போது தோல் கருகுகிற வாசனை வந்தது. பெரியம்மாதான் ஓடிவந்து, "இன்னாடி இது, கை வேவுது, நீ பாட்டுக்கு நிக்கிறே" என்றாள். குனிந்து பார்த்தேன். என் உள்ளங்கை கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வலிக்கவில்லை. வலிக்காததைக் கண்டுதான் அவள் பயந்தாள். அன்று ராத்திரியே எனக்குக் கிணற்றடியில் தனித் தட்டு வந்துவிட்டது. மத்தியானம் ஆனால் மலைமேல் கழுகுகளுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, அவை வரும்வரை ஜனங்கள் வெயிலில் கைகூப்பிக் காத்திருக்கிற ஊர் அது. பறவைக்கு அத்தனை மரியாதை. எனக்குக் காலால் தள்ளிவிட்ட தட்டு.

எழுபதாம் வருஷ மழைக்காலத்தில் என்னைச் செங்கல்பட்டில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உனக்கு அப்போது பதிமூன்று வயது. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னார்களாம். எந்த ஊருக்கு என்று நீ கேட்டாயா, கேட்கவில்லையா, தெரியாது. அங்கே தினமும் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். மடங்கிப்போன வலக்கை விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்கள். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு விரல்களுக்கு மறுபடி வேலை பழக்க வேண்டும் என்று, கிரேஸ் என்ற பெண் பயிற்சி கொடுத்தாள். ஒரு தட்டில் பாசிமணிகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி இன்னொரு தட்டில் போடச் சொல்வாள். பொறுக்கி முடித்ததும் மறுபடி கொட்டுவாள். நானும் நல்லபிள்ளையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். மணியெல்லாம் வார்டு முழுக்க ஓடியது. "எனக்கு ஒரு புள்ள கீறான், ஒரு வூடு கீது. நான் இங்க ஒக்காந்து மணி பொறுக்கிகினு இருக்கேன்" என்று கத்தினேன். கிரேஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "மணி வேணாம்னா விடுங்க. விரல் அசையணும், அவ்ளோதான். வேற இன்னா செய்யறீங்க, சொல்லுங்க" என்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மழை விட்டு ஏரி நிறைந்திருந்தது. அதை வரையறேன் என்று வாயில் வந்துவிட்டது. அதுவரை கோலமாவைத் தவிர வேறு எதையும் தொட்டவள் இல்லை நான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வாட்டர் கலர் டப்பா ஒன்றைக் கிரேஸ் வாங்கிவந்தாள். பிரஷ் என் பிடியில் நிற்கவில்லை. காம்பில் துணி சுற்றிப் பருமனாக்கிக் கொடுத்தாள். முதல் ஏரி ஏரியாகவே இல்லை, சாயம் போன புடவை மாதிரி இருந்தது. கிழித்துப்போட்டேன். மறுநாளும் வரைந்தேன். தண்ணீரை வரைவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் கண்டேன். தண்ணீருக்கென்று தனியாக ஒரு நிறம் கிடையாது, மேலே இருக்கிற மேகமும் கரையில் நிற்கிற பனையும் சேர்ந்துதான் அதன் நிறம். ஒவ்வொரு தடவையும் வரைந்து முடித்ததும் கையைத் திருப்பிக் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வலித்துத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு டாக்டர் கூப்பிட்டு, "இனிமே உங்ககிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது. வீட்டுக்குப் போகலாம். மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். அதை எழுதியும் கொடுத்தார். நான் திருக்கழுக்குன்றத்துக்கு வந்தேன். உனக்கு நினைவிருக்கும். பெரியப்பா வாசற்படியில் நின்றுகொண்டார். டாக்டர் சீட்டை நீட்டினேன், வாங்கவில்லை. "டாக்டருக்கு இன்னா தெரியும்? நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்? பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அவன் நல்லா இருக்கணும்னா நீ வராம இரு" என்றார். உனக்கு மீசைகூட முளைக்காத காலம், அப்போதே உன் கல்யாணத்தைச் சொல்லி என்னைத் துரத்தினார். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். உன் காக்கி நிஜாரும் ஒரு காலும் எனக்குத் தெரிந்தன. நீ வெளியே வரவில்லை. அதற்காக நான் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை, இன்றும் சொல்லவில்லை. பிள்ளை என்ன செய்யும்? ஆனால் இப்போது நீ பிள்ளை இல்லை. சம்பளம் வாங்குகிறாய், ஷிப்ட் போகிறாய், ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டப்போகிறாய். இன்னும் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தால் நான் யாரைக் கேட்பது?

திரும்பி வந்து கிரேஸிடமே வேலைக்குச் சேர்ந்தேன். மற்றவர்களின் கைக்கு மெழுகு ஒத்தடம் கொடுப்பேன், மீதி நேரம் வரைவேன். அந்த வருஷம் முழுக்கத் திருக்கழுக்குன்ற மலையைத்தான் வரைந்தேன். மனசிலிருந்தே வரைந்தேன். பார்க்கிறவர்கள், "என்ன பக்தி பாருங்க" என்றார்கள். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்த ஊர் என்னை வாசலில் நிறுத்தியதோ அந்த ஊரின் பாறை ஒவ்வொன்றையும் என் கையால் தொட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி வண்டியில் எங்களில் சிலரை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார்கள். கடற்கரைக்குப் போகிற வழியில் டீக்கடை. நான் கிளாஸுக்குக் கையை நீட்டினேன். கடைக்காரர் கையைப் பார்த்தார், காலில் இருந்த ஆஸ்பத்திரி ரப்பர் செருப்பைப் பார்த்தார். "இந்தாம்மா, உனுக்கு கிளாஸு குடுக்க முடியாது. வேற ஆளு குடிக்கணும் இல்ல? டப்பா எதுனா வெச்சிகினு இருந்தா அதுல ஊத்தறேன்" என்றார். "நான் குடுக்கற துட்டு மட்டும் வேற ஆளு கைக்குப் போவாதா?" என்று கேட்டேன். "காலையில பேஜாரு பண்ணாத. தள்ளி நில்லு" என்றார். டீயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நேரே கடலுக்குப் போய்ப் பாறைமேல் உட்கார்ந்தேன். எல்லோரும் வரைகிற கோயிலை நான் வரையவில்லை. என் முன்னால் எழும்பி, உடைவதற்கு முன் ஒரு கணம் சுவர் மாதிரி நிற்கிற அலையைத்தான் வரைந்தேன். நீலம் போடவில்லை. அன்றைக்குக் கடல் நீலமாகவும் இல்லை. பாசிப்பச்சையும் சாம்பலும் கலந்திருந்தது. எத்தனை நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. இடக்கையை ஊன்றியிருந்த பாறை வெயிலில் கொதித்திருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? வண்டியில் ஏறும்போதுதான் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் என்று கிரேஸ் பார்த்துத் திட்டினாள்.

அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. மெட்ராஸிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒருவர், மனைவியோடு என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாரேன், எவ்வளவு அமைதியா இருக்கு. பார்த்தாலே மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்று அந்த அம்மாளிடம் சொன்னார். படத்தைக் கையில் எடுத்து, விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். ஈரம் காயவில்லை, ஓரத்தைப் பிடியுங்கள் என்று காட்டுவதற்காக வரைந்து முடித்ததும் முந்தானைக்குள் மறைத்திருந்த கையை எடுத்தேன். அவ்வளவுதான். படத்தைப் பாறைமேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்லம்மா, இருக்கட்டும்" என்று மனைவியை இழுத்துக்கொண்டு போனார். படம் நன்றாக இருந்தது. கடல் நன்றாக இருந்தது. அதை வரைந்த கை மட்டும் இருக்கக்கூடாது.

இப்போது சொல், சேகர், எது நிம்மதி? படம் போட்டால் மனசு ஆறிவிடும் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிற பெரிய மனிதர்களும் சொல்கிறார்கள். ஆறவில்லை. நான் வரைந்த ஒவ்வொரு ஏரிக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் அடியில் கோபம்தான் இருந்தது. வரையாவிட்டால் அந்தக் கோபம் என்னைத் தின்றிருக்கும். வார்டில் அப்படித் தின்னப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, வந்த சோற்றைத் தொடாமல், பெற்ற பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சபித்துக்கொண்டே செத்தார்கள். நானும் படுத்திருப்பேன். ஆனால் மழைக்கு முன்னால் ஏரியின் நிறம் மாறும், அது ஒரு நாழிகைகூட நிற்காது, அதைப் பிடிக்க வேண்டுமென்றால் எழுந்து உட்கார வேண்டும். எழுந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் அது எனக்குச் செய்தது. அதுவே பெரிது. உனக்கும் கஷ்டகாலம் வரும், வராமல் இருக்காது. அப்போது எதையாவது ஒன்றை முழுசாகப் பார்க்கப் பழகிக்கொள். மரமோ தண்ணீரோ, எதுவானாலும் சரி. ஆனால் அதைச் செய்கிறாள் என்பதற்காக ஒருத்திக்கு இழைத்த அநியாயம் சரியாகிவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

உனக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்தபோது அந்தக் கடல் படத்தைத்தான் கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் மறுத்ததை உனக்குக் கொடுத்தேன். சட்டம் போட்டு உன் அறையில் மாட்டியிருக்கிறாய் என்று கேட்டு எனக்கு அத்தனை பெருமை.

திங்கட்கிழமை நான் உன் மாமனாராகப் போகிறவர் வீட்டுக்குப் போனேன். ஆமாம், போனேன். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ரயில்வேக்காரர் வீடு என்றால் யாரும் காட்டுகிறார்கள். அவரேதான் கதவைத் திறந்தார். "யாரும்மா? இன்னா வேணும்?" என்றார். "நான் சேகரோட அம்மா." "சேகருக்கு அம்மா இல்லியே." "அத சொல்லத்தான் வந்தேன்" என்றேன். அவர் என் கையைப் பார்த்தபடியே நின்றார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டெலிபோன் ஆபீஸ் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்த, நீ கட்டிக்கொள்ளப்போகிற விஜயா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வெயில்ல நிக்கிறாங்கப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. அவள் கதவோரம் நின்று கடைசிவரை கேட்டாள். அவளுடைய அப்பாதான், "இத மறைக்கலாமா? நாலு பேரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறைத்ததற்கு அவர் கோபப்பட்டது நியாயம். என் கையை விட்டு அவர் கண் நகராதது நியாயமில்லை. அதையும் அவரிடமே சொன்னேன்.

விஜயா எழுந்துபோய்க் காப்பி கொண்டுவந்தாள். தட்டில் மூன்று டம்ளர். எது எனக்கு என்று தனியாகத் தெரியவில்லை. எனக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "அவரு ரூம்ல ஒரு கடல் படம் மாட்டிகீது. நாங்க பாக்கப் போனப்ப அது யாரு வரைஞ்சதுன்னு கேட்டேன். மகாபலிபுரத்துல கடையில வாங்கினேன்னாரு. அது நீங்களா?"

சேகர், செத்துப்போனவள் என்று சொன்னதை உன் பெரியப்பா தலையில் போட்டுவிடலாம். இதை யார் தலையில் போடுவாய்? இதை நீயாகத்தான் சொன்னாய், உன் வாயால். அந்த மெட்ராஸ்காரராவது படத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார். நீ படத்தை வைத்துக்கொண்டு என்னைத் துடைத்துப் போட்டாய். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. காப்பி மடியில் சிந்தியது. சுட்டதா என்று விஜயா பதறினாள். தொடையில் எனக்கு உணர்ச்சி இருக்கிறது, சுட்டது என்றேன். அவள் ஈரத்துணி கொண்டுவந்து தானே ஒற்றினாள். ஒற்றிக்கொண்டே தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "வியாதிக்கு எனக்கு பயமில்லப்பா. நாளைக்கு எனக்கு எதுனா வந்துச்சின்னா என்னையும் இப்படி சாவடிச்சிட்டு, நான் கொண்டுபோற சீர் பாத்திரத்த மட்டும் வெச்சிப்பாரான்னுதான் பயமா கீது. பத்திரிகைய யாருக்கும் குடுக்காத. அவரு வந்து பேசட்டும்."  நான் புறப்படும்போது அவள் அப்பா வாசல் வரை வந்தார், "பாத்துப் போங்கம்மா" என்றார். அந்த 'ங்க' அவருக்கு வர அவ்வளவு நேரம் ஆயிற்று.

கல்யாணத்தைக் கெடுக்கத்தான் போனேன் என்று உன் பெரியப்பா சொல்வார். சொல்லட்டும். நான் போகாமல் இருந்திருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். நடந்தபின் ஒருநாள் எவனாவது சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கும். நானே மெதுவாகச் சொல்லியிருப்பேன் என்று நீ சொல்லலாம். நான் அந்த வாசலிலிருந்து திரும்பி ஒன்பது வருஷம் ஆகிறது, அதற்குள் ஒருத்தரிடமாவது மெதுவாகச் சொன்னாயா? அவள் நல்ல பெண். உனக்கு அவள் வேண்டும் என்றால், அவளிடம் போய் நிற்க வேண்டியவன் நீதான். எனக்காக நான் கேட்பது இதுதான்: வேறு பத்திரிகை அடி, அல்லது பத்திரிகையே அடிக்காதே. பின்வரிசைத் தூரத்துச் சொந்தமாக நான் வரமாட்டேன். உண்மையைச் சொல்கிறவரைக்கும் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வை.

மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று விஜயாவின் அம்மா திருவிடந்தைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறார்கள். "கல்யாணம் ஆவுதோ இல்லியோ, நீங்களும் வாங்கம்மா. நீங்க வரையறத நான் பாக்கணும்" என்று விஜயா கூப்பிட்டிருக்கிறாள். போகிறேன். கோயிலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடல். வலை காயப்போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் காலையிலிருந்தே இருப்போம். பெரியப்பாவைக் கேட்காமல் கிளம்பி வா. வந்து, அவள் காதுபட என்னை அம்மா என்று கூப்பிடு. மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம், அதைக் கேட்டு நான் என்ன செய்யப்போகிறேன். கூப்பிட வாய் வராது என்றால் வராதே. நான் வரைந்து முடித்ததும் நாங்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம்.

உன்னைப் பெற்றவள்